அசனத்தைச் சமைப்பது யார்? தேரிக்காட்டுச் சபை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தேரிக்காடு என்னும் செம்மணல் நிலத்தின் ஓரத்தில் இருக்கும் தென்னிந்தியத் திருச்சபையின் கிராமச் சபை ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன்பு, தன் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் ஊரே சேர்ந்து உண்ணும் விருந்தாகிய அசனத்தைச் சமைக்கும் வேலையை ஒப்பந்தச் சமையல்காரர் ஒருவரிடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே அந்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு செய்தியாகவே தோன்றாது. சாத்தான்குளம், உடன்குடி, நாசரேத் வட்டாரத்தில் பிறந்தவர்களோ நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

அது நான் ஞானஸ்நானம் பெற்ற சபை. சம்பந்தப்பட்டவர்களில் பலர் என் உறவினர்கள். எல்லாரும் அந்த ஊரில்தான் இனியும் வாழ வேண்டும். ஆகவே ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். ஒரு சபையைச் சபையாக நிறுத்துவது ஞாயிறு ஆராதனை மட்டுமல்ல, ஆராதனையைச் சுற்றி ஒவ்வொருவர் கைக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலையும்தான் என்று நெடுநாளாக நினைத்துவந்தேன். இந்த நிகழ்வைப் பின்தொடர்ந்த பிறகு அதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டியதாயிற்று. எந்த வேலை யார் கைக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு சபையின் ஐக்கியத்தை அளக்க முடியாது.

சபையே ஊரான கதை

முதலூர், மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கிறிஸ்தியாநகரம், நாசரேத், கடாட்சபுரம் என்று இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே பாதி வரலாறு தெரிந்துவிடும். பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். முதல் பெயர் குளோரிந்தா என்ற பிராமண விதவையுடையது. அங்கிருந்து தெற்கே பனங்காட்டுக்குள் சபை பரவியபோது எழுந்த முதல் கேள்வி, ஞானஸ்நானம் பெற்றவர்கள் எங்கே குடியிருப்பது என்பதுதான். அடி விழுந்தது, ஜெபவீடுகள் இடிக்கப்பட்டன, நிலக்கிழார்கள் குடிசையைக் காலி செய்யச் சொன்னார்கள். 1799இல் உபதேசியார் (வேதம் கற்பிக்கும் ஊழியர்) தாவீது சுந்தரானந்தம் முன்னின்று முதலூரை உருவாக்கினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ், 1830இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கி வீடு கட்டிக் குடியமர்த்துவது அந்தச் சங்கத்தின் வேலை.

இந்த வரலாற்றால் இங்கே பல இடங்களில் கோயிலும் ஊரும் ஒரே நாளில் பிறந்தவை. மெஞ்ஞானபுரத்தில் மிஷனெரி ஜான் தாமஸ் எழுப்பிய ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் பனைகளுக்கு மேலே நெடுந்தொலைவுக்குத் தெரியும். இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய ஆலயம் 33 ஆண்டுகள் வளர்ந்து 1880இல் பிரதிஷ்டையானது. தமிழுலகம் அவரை ஒப்பிலக்கணம் எழுதியவராக அறியும். இடையன்குடிக்காரர்களுக்கு அவர் தெருக்களை ஒழுங்குபடுத்தி ஊரை அமைத்தவர், அவருடைய மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தவர். கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்கள் சபையார்தான். எங்கள் ஊர்க் கோயில் அவ்வளவு பெரியதல்ல. ஆனாலும் சுவரின் ஒவ்வொரு பகுதியையும் எந்தக் குடும்பம் சுமந்து கட்டியது என்று சொல்லக்கூடிய கிழவர்கள் என் சிறுவயதில் இருந்தார்கள்.

ஒன்றாக உண்பது மட்டும் இந்தச் சபைகளுக்கு எளிதாக வந்துவிடவில்லை. பாளையங்கோட்டையில் ரேனியஸ் நடத்திய விடுதிப் பள்ளியில் மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபைகள் கைவிட்டே ஆக வேண்டும் என்று எழுதியபோது தஞ்சாவூர்ச் சபை பிளந்தது. 1847இல் மதுரை அமெரிக்க மிஷன் ஒரே பந்தி விருந்தைச் சாதி மறுப்புக்குச் சோதனையாகவே வைத்தது. உட்கார மறுத்த உபதேசியார்கள் விலக்கப்பட்டார்கள். ஆகவே இன்று எந்தக் கேள்வியும் இல்லாமல் ஆயிரம் பேர் அசனப் பந்தியில் உட்காருவது தானாக வந்த வழக்கம் அல்ல.

ஆண்டு முழுவதும் நடப்பவை

பல கிராமச் சபைகள் சேர்ந்து ஒரு சேகரம். குருவானவர் தலைமை ஊரில் குடியிருப்பார். திருவிருந்து ஞாயிறுகளில் எங்கள் ஊருக்கு வருவார். அன்றாடப் பொறுப்பு சபை ஊழியருடையது. விடியற்காலை மணி, மாலை ஜெபம், நோயாளி வீட்டுச் சந்திப்பு, ஓய்வுநாள் பள்ளி எல்லாம் அவர் தலையில். ஞாயிறன்று முதல் மணிக்கு வீட்டில் தலைவாரல், இரண்டாம் மணிக்குத் தெருவில் நடை. வார நாளில் மணி விட்டு விட்டு அடித்தால் யாரோ இறந்துவிட்டார்கள். பனையில் இருப்பவரும் இறங்கி வந்து யார் என்று கேட்பார்.

திருமணத்துக்கு மூன்று ஞாயிறு ஆலயத்தில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். குழந்தை பிறந்தால் ஞானஸ்நானப் பதிவேடு, வளர்ந்தால் திடப்படுத்தல், முடிவில் அடக்கப் பதிவேடு. ஒரே அலமாரியில் ஊரின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. ஆண்டுச் சந்தாவைச் 'சங்கம்' என்று சொல்வார்கள். சங்கம் கட்டியவருக்கே சபைத் தேர்தலில் ஓட்டு. மாதத்துக்கு ஒருமுறை ஆராதனை முடிந்ததும் பொருளாளர் கணக்கு வாசிப்பார். உறைக் காணிக்கை இவ்வளவு, மின்கட்டணம் இவ்வளவு, ஒலிபெருக்கி பழுதுபார்த்தது இவ்வளவு என்று போகும். அந்தப் பத்து நிமிடமும் பிரசங்கத்தின்போது தூங்கியவர்கள்கூட விழித்திருப்பார்கள். எழுதப்படிக்கத் தெரியாத என் பாட்டி ஒருமுறை எழுந்து, போன மாதம் வாசித்த தொகைக்கும் இந்த மாத ஆரம்ப இருப்புக்கும் ஏன் வித்தியாசம் என்று கேட்டு, பொருளாளரைக் கணக்குப் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்க வைத்தார். பொதுப்பணத்துக்குப் பொதுவில் கணக்குச் சொல்லும் இந்தப் பழக்கம், ஊராட்சித் தேர்தல்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கிராமங்களுக்குக் கிடைத்த பயிற்சி.

பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பலம் கைப்பிடி அரிசி. உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். மாத முடிவில் கோயிலில் கொண்டுவந்து அளப்பார்கள். இந்த அரிசி எங்கெல்லாமோ போயிருக்கிறது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற முடிவோடு தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர் எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா. 1912இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல்லில் அமர்ந்தார். தேரியில் நெல் விளையாது. விலைக்கு வாங்கிய அரிசியிலிருந்து கைப்பிடி எடுத்து மிஷனெரிகளுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் எங்கள் பாட்டிமார்கள் என்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

டிசம்பரில் வாலிபர்களின் கேரல் பவனி, லெந்து காலத்தில் தெருஜெபங்கள், பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை, ஈஸ்டர் விடியலில் கல்லறைத் தோட்டம், மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி. இவை எல்லாச் சபைகளிலும் உண்டு. எங்கள் பக்கத்துக்கே உரிய பெருநாள் அசனம்.

அசனம் நடக்கும் விதம்

பண்டிகை மே மாதத்தில் வரும். பதநீர் இறங்கும் காலம், பள்ளிகளுக்கு விடுமுறை. மூன்று இரவு கூட்டங்கள், ஞாயிறு காலை பிரதிஷ்டை ஆராதனை, அதன் பிறகு ஏலம், மறுநாள் அசனம். ஏலத்துக்கு அவரவர் முதல் பலனைக் கொண்டுவருவார்கள்: முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டிச் சிப்பம், வாழைத்தார், முதல் முட்டையிட்ட கோழி. ஒரு பூசணிக்காயைச் சென்னையில் கடை வைத்திருப்பவர் ஏலம் எடுத்துத் திரும்பவும் கோயிலுக்கே கொடுப்பார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். அந்தப் பணமும் பொருத்தனையாக (நேர்ச்சையாக) வந்த கிடாக்களும்தான் அசனத்தின் முதல்.

வேலைகள் தெரு வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. யார் எப்போது பிரித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வடக்குத் தெருவுக்கு உடைமர விறகும், தீ மூட்ட உதவும் பனை நாரான சில்லாட்டையும் சேர்ப்பது. கோயிலடித் தெருவுக்கு அடுப்பும் குழம்பும். நடுத்தெருவுக்குப் பந்தி. பெண்களுக்கு வெங்காயம், தேங்காய், காய் நறுக்கல். கடைசித் தெருவுக்குப் பாத்திரம் கழுவுவது. அளவு ஒரே ஒரு பெரியவரின் பொறுப்பு. இத்தனை மரக்கால் அரிசிக்கு இத்தனை படி மிளகாய், இத்தனை கத்தரிக்காய் என்று ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

முந்திய இரவு கோயில் தாழ்வாரத்தில் வெங்காய மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டுவார்கள். கல்யாணப் பேச்சுகள் தொடங்கும் இடம் அது, சண்டைகள் முடியும் இடமும் அது. ஓர் ஆண்டு, வரப்புத் தகராறில் வெகுநாள் பேச்சு நின்றுபோன இரண்டு வீட்டுப் பெண்கள் ஒரே குவியலின் எதிரெதிர்ப் பக்கம் உட்கார நேர்ந்தது. நள்ளிரவைத் தாண்டி இளையவர், "மதினி, அந்த அரிவாள்மனையைக் கொஞ்சம் இங்கே தள்ளுங்கள்" என்றார். மூத்தவர் தள்ளினார். அவ்வளவுதான். மறுவாரம் இரண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்து நில அளவையரை அழைத்து வந்தார்கள்.

அதிகாலையில் சபை ஊழியர் ஜெபித்த பிறகு கோட்டை அடுப்பில் தீ மூட்டப்படும். கிடாரம் என்னும் பெரிய அண்டாவில் சோறு வெந்ததும் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிய ஆண்கள் கம்பு கொடுத்துச் சாய்த்து வடிப்பார்கள். கஞ்சிக்காகப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து மாடு வைத்திருப்பவர்கள் குடங்களோடு முன்னமே வந்து நிற்பார்கள். வடித்த சோற்றை ஓலைப்பாயில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டினால் மார்பளவு குவியல் எழும்பும். ஆட்டுக்கறிக் குழம்பு, அதில் கத்தரிக்காயும் வாழைக்காயும். முதல் பந்தி உட்காரும் முன்பே, எழுந்து நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்குச் சைக்கிளில் தூக்குவாளிகள் போய்விடும். பிறகு குருவானவர் ஜெபிப்பார். சுற்றியுள்ள இந்து, முஸ்லிம் குடும்பங்கள் அழைப்பு எதுவும் இல்லாமலே வருவார்கள், அதுதான் வழக்கம். இந்துக் குடும்பங்களின் அம்மன் கோயில் கொடைக்கும் எங்கள் சபையின் கிடாரங்களும் வாளிகளும்தான் போகும்.

ஒப்பந்த ஆண்டு

சபையின் நிர்வாகக் குழுவான சபை மன்றம் ஒப்பந்தத்துக்குப் போனதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. முந்திய ஆண்டு கஞ்சி வடிக்கும்போது கிடாரம் நழுவி ஒருவருக்குக் காலில் கடுமையான தீக்காயம் ஏற்பட்டது. அளவு தெரிந்த பெரியவர் இறந்துவிட்டார். பனையேற்று குறைந்து, இளைஞர்கள் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். ஊரில் எஞ்சியவர்கள் முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும். வெளியூரில் இருப்பவர்களோ பணம் தாராளமாக அனுப்பினார்கள், கைதான் இல்லை. ஒரு குடும்பம் முழுச் செலவையும் ஏற்கிறோம் என்று முன்வந்தபோது, ஒப்பந்தம் என்ற யோசனைக்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை.

சாப்பாடு நன்றாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு மணிக்குள் பந்திகள் முடிந்தன, யாருக்கும் காயம் இல்லை, கணக்கும் தெளிவாக இருந்தது. மன்றத்துக்குப் பாராட்டுகள் வந்தன.

மற்றவை பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. ஆள் கணக்குத் தெரியாமல் சமைக்க முடியாது என்று ஒப்பந்தக்காரர் கேட்டதால் குடும்பங்களுக்கு டோக்கன் கொடுத்திருந்தார்கள். பக்கத்துக் குடியிருப்புக்காரர்களுக்கு டோக்கன் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வழக்கம்போல் வந்து, வாசலில் அட்டை வாங்கும் பையனைக் கண்டு நின்றார்கள். உள்ளே போகச் சொல்லி மன்ற உறுப்பினர் ஒருவர் ஓடிவருவதற்குள் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். கஞ்சி மண்ணில் வெட்டிய குழிக்குள் போனது. குடத்தோடு வந்தவர்கள் வெறுங்குடத்தோடு போனார்கள். நோயாளிகள் வீட்டுப் பட்டியலை ஒப்பந்தக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. பெண்கள் சங்கத்தில் யாருக்கும் அன்று பொறுப்பு இல்லாததால் யாரும் கேட்கவும் இல்லை. படுக்கையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அசனச் சோறு வரும் என்று வேறெதுவும் சாப்பிடாமல் மாலை வரை காத்திருந்தார். அவரிடம் படித்தவர்கள்தான் அந்த மன்றத்தில் இருந்தார்கள். அசனத்துக்கு முந்திய இரவு தாழ்வாரத்தில் விளக்கு எரியவில்லை. வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் சாப்பிட்ட கையோடு கார் ஏறிவிட்டன.

இவற்றில் எதற்கும் ஒப்பந்தக்காரர் பொறுப்பல்ல. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தவர் அவர். சபை இத்தனை காலமாகச் சொல்லாமலே செய்துவந்த வேலைகள்தான் விட்டுப்போயின. சமையலோடு பின்னிக் கிடந்த விசாரிப்பும் உபசரிப்பும் சமையலை எடுத்ததும் கூடவே போய்விட்டன.

பட்டியல்

பண்டிகைக்குப் பிந்திய பொதுக்கூட்டத்தில் பெண்கள் சங்கச் செயலர் எழுந்தார். "சோற்றில் குறை இல்லை, ஐயா. எங்களுக்கு வேலை இல்லாமல் போனதுதான் குறை" என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு. விடுப்பில் வந்திருந்த ஓர் இளைஞர், "சரி அத்தை, அடுத்த வருடம் யார் வருவார்கள்? பெயரைச் சொல்லுங்கள்" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டார்கள். அன்று விழுந்த பெயர்கள் போதவில்லை. நோட்டைப் படம் எடுத்து வெளியூர்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகு பக்கங்கள் நிரம்பின. காசு அனுப்பியவர்களிடம் இதுவரை யாரும் கையைக் கேட்டதில்லை.

ஆபத்தான வேலைகளுக்கு, அதாவது கறி சமைப்பதற்கும் கிடாரம் வடிப்பதற்கும், கூலிக்கு ஆள் வைப்பது என்று முடிவாயிற்று. மற்றதெல்லாம் சபையார் செய்ய வேண்டும். டோக்கன் கூடாது; பதிவான குடும்பங்களுக்கு மேல் வருபவர்களுக்கென்று தனி அளவு அரிசி. நோயாளிப் பட்டியலைப் பெண்கள் சங்கம் எழுதி வைக்க வேண்டும். கஞ்சி எப்போது கிடைக்கும் என்பதைப் பக்கத்துக் குடியிருப்புக்கு முந்திய நாளே சொல்லிவிட வேண்டும். வெளியூர்க் குடும்பம் வந்து இறங்கும் இரவே வெங்காயக் குவியலுக்கு வர வேண்டும்.

இதுவரை மகிழ்ச்சியாகவே எழுதலாம். பட்டியலை எழுதத் தொடங்கியபோதுதான் இந்த ஆய்வின் கனமான பகுதி வந்தது.

கடைசித் தெருவில் இருப்பவர்கள் வேறு சமூகத்திலிருந்து சபைக்கு வந்த குடும்பங்கள். தலைமுறைகளாக ஒரே கோயில், ஒரே திருவிருந்துக் கிண்ணம். பந்தியிலும் வேறுபாடு கிடையாது. ஆனால் அவர்கள் கை அசனச் சமையலில் பட்டதே இல்லை. அவர்களுக்கு விழுந்தது பாத்திரம் கழுவுவதும் இலை எடுப்பதும்தான். வாயால் சொல்லி நடந்தவரை அது 'வழக்கம்' என்ற பெயரில் ஓடியது. கோயிலடித் தெரு – குழம்பு, கடைசித் தெரு – பாத்திரம் என்று தாளில் எழுதியதும், அதைப் படித்த குருவானவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்ட என்னால் முடியாது என்றார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலும் இதையே பேசினார். நறுக்குவது, குழம்பு, பந்தி, பாத்திரம் எல்லாவற்றுக்கும் தெருவைப் பார்க்காமல் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுப்பது என்று மன்றம் தீர்மானித்தது. ஒருமனதாக அல்ல.

அந்த ஆண்டு இரண்டு குடும்பங்கள் அசனத்துக்கு வரவில்லை. காரணம் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். கடைசித் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் குழம்பு அடுப்பு விழுந்தது. அவர் முந்திய நாள் வரை தயங்கினார். அவரோடு அதே அடுப்புக்குச் சீட்டு விழுந்திருந்த என் பெரியம்மா அவர் வீட்டுக்கே போய் அழைத்து வந்தார். என் பெரியம்மா இத்தனை ஆண்டுகளில் அந்தத் தெருவுக்குள் துக்க வீட்டுக்குத் தவிர வேறெதற்கும் போனவர் அல்ல. கூலிச் சமையல்காரர் சொல்லச் சொல்ல இருவரும் சேர்ந்து காய் போட்டார்கள், உப்புப் பார்த்தார்கள். கறி வேகத் தாமதமாகிக் கடைசிப் பந்தி முடிய நான்கு மணியானது. பரிமாறுவதில் வாலிபர்களுக்குள் ஒரு வாய்ச்சண்டையும் நடந்தது. செலவு, ஒப்பந்த ஆண்டைவிடப் பெரிதாகக் குறையவில்லை. தூக்குவாளிகள் மட்டும் முதல் பந்திக்கு முன்பே போய்விட்டன.

வராத குடும்பங்களில் ஒன்று மறு ஆண்டு வந்தது.

மாறாதவை

பழைய முறையைப் புகழ்ந்து எழுதுவது எனக்கும் எளிது. வெங்காயம் உரித்த இரவுகளில் வளர்ந்தவன் நான். ஆனால் அந்த அழகான தெருப் பிரிவினைக்குள் என்ன ஒளிந்திருந்தது என்பதை, முறை ஒருமுறை உடைந்து எழுத்தில் திரும்ப வந்தபோதுதான் சபை பார்க்க முடிந்தது. ஒப்பந்தமே தொடர்ந்திருந்தால் கேள்வி எழுந்திருக்காது; பழைய வழக்கமே தொடர்ந்திருந்தாலும் எழுந்திருக்காது. பிற சபைகள் இந்த நிகழ்விலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள விரும்பினால், வேலைகளை எழுதிப் பலகையில் ஒட்டச் சொல்வேன். அதற்குப் பெரிய செலவில்லை.

தேர்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேகரத்துக்கும், பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்துக்கும் தேர்தல்கள் வரும் ஆண்டுகளில் ஊர் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறது. பள்ளி, கல்லூரி நியமனங்கள், சொத்துகள் எல்லாம் அந்தத் தேர்தலோடு கட்டுண்டிருப்பதால் வெறி ஏறுகிறது. வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போகின்றன. 1947 செப்டம்பர் 27 அன்று வெவ்வேறு மிஷன் சபைகள் ஒன்றிணைந்து தென்னிந்தியத் திருச்சபையானது உலகக் கிறிஸ்தவம் வியந்த செயல். அந்தச் சபையின் பிள்ளைகள் அணிக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து ஆராதிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. சீட்டுக் குலுக்கும் முறை இங்கேயும் கொஞ்சம் உதவியது: எதிரெதிர் அணிக்காரர்கள் ஒரே கிடாரத்தைத் தூக்க வேண்டியதாயிற்று. அடுத்த தேர்தலில் அதனால் எந்த மாற்றமும் வரவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வெளியூர்க் குடும்பங்களின் நிலை மெல்ல மாறுகிறது. ஆராதனையைக் கைபேசியில் பார்த்துக்கொண்டு காணிக்கையை வங்கி வழியாக அனுப்பியவர்களில் சிலர், பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காகவே விடுப்பு எடுத்து வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அரிவாள்மனையில் உட்காரத் தெரியாது. கத்தியும் பலகையும் கொண்டுவந்து தாழ்வாரத்தின் ஓரத்தில் நறுக்குகிறார்கள். அளவு நோட்டுக்கு இப்போது பொறுப்பு கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். பெரியவர் எழுதிய மரக்கால், படிக் கணக்குகளை அவர் கிலோவுக்கு மாற்றி எழுதியிருக்கிறார்.

பட்டியலுக்குள் இன்னும் வராத வேலை ஒன்று இருக்கிறது. யார் இறந்தாலும் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவது கடைசித் தெரு ஆண்கள்தான். கூலி கொடுக்கப்படுகிறது என்பதால் யாரும் அதைப் பேசுவதில்லை. அசனத்தில் சீட்டுக் குலுக்கலாம் என்றால் இதற்கு ஏன் குலுக்கக் கூடாது என்று வாலிபர் ஐக்கிய சங்கம் மன்றத்துக்கு எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறது. மரணம் நாள் பார்த்து வருவதில்லை, வெளியூரில் இருப்பவர்களால் இதற்கு வந்து நிற்க முடியாது, ஆகவே ஊரில் இருப்பவர்களைக் கொண்டு மாதமுறைப் பட்டியல் போட வேண்டும் என்பது அவர்களுடைய யோசனை. மன்றத்தில் இருவர் கடுமையாக எதிர்த்திருக்கிறார்கள். குருவானவர் அதை அடுத்த பொதுக்கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்துவிட்டார். கடிதத்தின் அடியில் மாதமுறைக்குத் தாமாக முன்வந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர், என் பெரியம்மாவின் பேரனுடையது.